மாமனாரின் ஏக்கர்

என் கணவர் புரோகிராமில் ஒரு கிளாஸ் எழுதி முடித்துவிட்டால் அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. நானும் அதே புரோகிராமிங் வேலை பார்ப்பவள்தான், எனக்கும் கிடையாது. மலைமேல் செம்மேட்டில் வீட்டிலிருந்தபடியே மலை விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். அது சங்கத்துக்குப் பிடித்தால் இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் மறுபடியும் பெங்களூர். நான் பிறந்த மலையை விட்டுப்போக எனக்கு மனசில்லை.

செயலிக்கு அடித்தளம், அவர் எழுதிய 'பயிர்' என்கிற பேஸ் கிளாஸ். பெற்றவர் குணம் பிள்ளைக்கு வருகிற மாதிரி, அதில் உள்ளதெல்லாம் அதிலிருந்து பிறக்கும் சாமை, குச்சிக்கிழங்கு, மிளகு எல்லாவற்றுக்கும் தானாக வந்துவிடும். அதன் முதல் கேள்வியே 'எத்தனை ஏக்கர்?' பதில் போடாமல் நகர முடியாது.

சோதித்துப் பார்க்க, மலையின் இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டிலிருந்து என் சித்தியை வரவழைத்தேன். மிளகைத் தொட்டார். ஏக்கர் கேட்டது.

"ஏனுங்க மாப்ள, மொளகு மரத்துலல்ல ஏறுது? இங்கொண்ணு அங்கொண்ணா நிக்கிற சில்வர் ஓக்குக்கு ஏக்கரா எப்படிங்க சொல்றது?"

"சும்மா ஒண்ணுன்னு போடுங்க அத்தை."

போட்டார், விளைச்சலையும் சேர்த்து. ஓர் ஏக்கருக்கு இந்த விளைச்சல் மிகக் குறைவு, நிலத்தை நன்றாகப் பராமரிக்கவும் என்று செயலி அவருக்குப் புத்தி சொன்னது. சித்தி போனைக் கீழே வைத்துவிட்டார். சங்கத்திலும் இப்படித்தான் வைப்பார்கள்.

"பேஸ் கிளாஸ்ல ஏக்கர எடுங்க" என்றேன்.

"எடுத்தா எல்லாம் ஒடைஞ்சிரும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஏக்கர் எங்கிருந்து வந்தது என்று தெரியாதா? மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் என் மாமனார் யாரைப் பார்த்தாலும் பெயருக்கு முன்னால் ஏக்கரைத்தான் கேட்பார். எங்கள் கல்யாணப் பேச்சில் என் அப்பாவையும் கேட்டார். "மொளகு ஏறுன மரம் இருக்குதுங்க" என்றார் அப்பா. ஒன்றுமில்லாத வீடு என்று மாமனார் முடிவு கட்டிவிட்டார். அன்று அப்பாவின் முகம் சுண்டிப்போனது இன்னும் எனக்கு ஆறவில்லை.

"அந்தக் கிளாச எழுதுனது நீங்க இல்லீங்க, உங்கப்பா" என்றேன்.

 அவர் முனகிக்கொண்டே லேப்டாப் முன் உட்கார்ந்து, ஏக்கரை வயலில் விளைகிறவற்றுக்கு மட்டும் வைத்துவிட்டு, மிளகுக்கு மரம் என்று மாற்றினார். சிலது உடைந்தது, சரிசெய்தோம். சங்கம் செயலியை ஏற்றுக்கொண்டது.

செய்தி சொல்ல என் கணவர் ஊருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். மாமனார் கேட்டார்: "சங்கத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் எத்தன ஏக்கராடா?"

"அத எல்லாரையும் கேக்கறதில்லீங்கப்பா. உங்க சம்பந்திக்கு மொளகு எத்தன மரத்துல ஏறுதுன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா?"



"செரி" என்றார் மாமனார். "அவரு நம்பரக் குடு."