தலவாக்கலையில் ஒரு முழுப்பேர்

மஸ்கெலியா முருகன் கோயிலுக்குப் போகிற வழி. தலவாக்கலையில் மழை பிடித்துக்கொள்கிறது. ஹட்டன் பஸ் வரும்வரை ஒரு கடையின் பின்னறையில் ஒதுங்குகிறேன். இந்த மலையின் செடி, பறவைகளைப் பற்றிய சிறு பத்திரிகை அங்கேதான் தயாராகிறது. அதை நடத்தும் பள்ளிக்கூட வாத்தியார், பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் செய்தி கொண்டுவரும் செல்லம்மா நனைந்த முக்காட்டோடு எதிரே நிற்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

தேயிலைச் செடியொன்றில் கொண்டைக்குருவி மூன்று முட்டை இட்டிருந்ததாம். அந்தச் செடியை மட்டும் பறிக்காமல் விட்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் திட்டி, அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டார். தோட்டத்தில் அதை அரைப்பேர் என்கிறார்கள்.

"ஒரு பிடி கொழுந்துக்கா இந்த அநியாயம்? அந்தக் கூட்டுக்கு இடம் காட்டினது முருகன் இல்லையா?" என்கிறேன்.

"வெள்ளக்கார தொரை போயிட்டாருங்கய்யா, அரைப்பேரு மட்டும் போகல," என்று சிரிக்கிறார் செல்லம்மா.

வாத்தியார் குருவிச் செய்தியின் கீழே 'ஒரு தோட்டப்பெண்' என்று எழுதுகிறார். செல்லம்மா எட்டிப் பார்க்கிறார்.

"அத அழிங்க சார். பெரட்டுலதான் அரைப்பேரு. இங்கயாச்சும் முழுப்பேரு போடுங்க."

"கணக்கப்பிள்ள பார்த்தா வேலைக்கே உலை வச்சிருவான், செல்லம்மா."

"அவன் படிக்கணும்னுதான் சொல்றேன். எங்கப்பா பேரோட மொத எழுத்தையும் சேத்துக்குங்க."

வெளியே பஸ் ஹார்ன் அடிக்கிறது. வாத்தியார் திருத்தும் திரவத்தைத் தடவி அந்த வரியை அழித்து, காயும்வரை ஊதுகிறார். பிறகு 'மு. செல்லம்மா' என்று அழுத்தி எழுதத் தொடங்குகிறார். பஸ் போகட்டும். அந்தப் பெயர் எழுதி முடிவதைப் பார்க்காமல் நான் நகரப்போவதில்லை.