மூத்த மருமகளுக்கான கொண்டை ஊசி

டோங்யோங் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் மல்சுன் அளவுக்கு வேகமாகச் சிப்பி உடைக்க ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வீட்டுக்கு ஓடுவாள். பக்கவாதம் வந்து படுத்த மாமியாரை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கஞ்சி ஊட்டுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள் பாடு.

அந்தக் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாகத் தங்கக் கொண்டை ஊசி ஒன்று இருந்தது. விரல் பருமன், ஒரு நுனியில் தாமரை மொட்டு. மாமியாரிடமிருந்து மூத்த மருமகளுக்குத்தான் போகும். மல்சுன்னோ இளையவள். மூத்தவள் யோங்சுக் சியோலில் இருந்தாள். வருஷத்துக்கு இரண்டு முறை, பண்டிகைக்கு, பேரிக்காய்ப் பெட்டியோடு வந்து இறங்குவாள். பெட்டியைப் பார்த்ததுமே மல்சுன்னுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மாமியாருக்குத் தலை துவட்டும்போது மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள்.

"அத்தை, அந்த ஊசிய எனக்குக் குடுத்தா என்ன? உங்கள பாத்துக்கிறது நான்தானே?"

மாமியார் கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார். "அது என்னுது இல்லம்மா. வச்சிருந்து மூத்தவகிட்ட குடுன்னுதான் என் மாமியார் என் கையில குடுத்தாங்க."

மல்சுன் துவட்டிய வேகத்தில் மாமியாரின் தலை ஆடியது.

அறுவடைப் பண்டிகைக்கு முந்தின நாள் மாமியார் அயர்ந்து தூங்கினார். மல்சுன் அலமாரியைத் திறந்து ஊசியை எடுத்தாள். கண்ணாடி முன் நின்று தலையில் செருகிப் பார்த்தாள். அவளுடையது வெட்டிச் சுருட்டிவிட்ட குட்டை முடி. செருகச் செருக வழுக்கியது. மூன்றாவது தடவை தரையில் விழுந்து உருண்டது. போய் நின்ற இடம் யோங்சுக்கின் காலடி. முன்னதாகவே பஸ் பிடித்து வந்திருந்தாள்.

ஏச்சு விழும் என்று மல்சுன் காத்திருந்தாள். யோங்சுக் ஊசியைப் பொறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நான் தண்ணி குடுத்தா அத்தை குடிக்க மாட்டேங்கிறாங்க. மல்சுன் எங்கன்னு கேக்கிறாங்க. முப்பது வருஷமாச்சு, ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்களா? எனக்குன்னு இருக்கிறது இந்த ஊசி ஒண்ணுதான். அதுவும் உனக்கு வேணுமா?"

மல்சுன்னுக்கு இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் இனித்தது. "இல்லக்கா, சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் மாமியார் காலமானார். காரியம் முடிந்த அன்று அலமாரியிலிருந்த ஊசி யோங்சுக்கின் கைக்குப் போனது. 'நீயே வச்சுக்கோ' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று கடைசிவரை மல்சுன் அவள் முகத்தையே பார்த்திருந்தாள். யோங்சுக் சொல்லவில்லை. ஊசியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு சியோல் பஸ் ஏறினாள்.

வசந்தம் வந்ததும் மல்சுன் சிப்பி உடைத்த கூலியில் இரண்டு தங்க மோதிரம் வாங்கினாள். தன் இரண்டு பெண்களில் யாரும் தன்னைப் போலப் புழுங்கக் கூடாது என்று, ஒரே அச்சில், ஒரே எடையில், கடைத் தராசில் இரண்டு தடவை நிறுக்கச் சொல்லி வாங்கியது.

சின்னவள் ஹேரான் இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, அக்காவோடது கொஞ்சம் கனமா இல்ல?"

மல்சுன் இரண்டையும் மாற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் பெரியவள் மிரான் வந்து அதையே கேட்டாள்.