அவருக்கே போடுங்க

பூமாலையின் பாடை உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் வரப்பில் கிடந்தது. கரும்பு மிதிபடும் என்று பஞ்சாயத்துத் தலைவர் நடராசன் இடுகாட்டுப் பாதையை முள் வைத்து அடைத்திருந்தார். கடைசியில் சேற்று வயலைச் சுற்றித் தூக்கிப் போனார்கள். ஒருவன் கால் சறுக்கியதில், பிணத்தின்மேல் போர்த்திய கோடித்துணி சேற்றில் விழுந்தது. புதுத்துணி இல்லாமலே புதைத்தார்கள். தெருமுனையில் நின்று பார்த்த மீன்காரி குஞ்சம்மாள், புருஷனுக்காக அன்று அழவில்லை.

மூன்று வருஷம் கழித்து, எண்பத்தாறில், பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. குஞ்சம்மாள் திருமானூர் யூனியன் ஆபீசுக்கு நடந்து போய், தலைவர் பதவிக்கு மனு கொடுத்தாள்.

டீக்கடையில் ரிட்டயர்ட் வாத்தியார் அரங்கநாதன்தான் தேர்தல் ஜோசியர். எந்தத் தெரு யாருக்கு என்று அவர் சொன்னது இதுவரை தப்பியதில்லை.

"மீன்காரிக்கு எந்தக் கட்சிய்யா?"

"கட்சி இல்லீங்க சார்."

"கூட யாரு?"

"மீன் கூடதான்."

அந்தக் கூடையோடு வீடு வீடாகப் போனாள். அவள் ஓட்டு கேட்ட விதம் வாத்தியாருக்குப் பிடிபடவில்லை.

"கலியம்மா, நடராச அய்யாவுக்கே போடு. உன் வூடு எரிஞ்சப்ப பம்புசெட்டப் பூட்டிட்டுப் போனாரே, அந்த நல்ல மனுசருக்கே."

"ஆண்டாயி, ரெண்டு கரும்பு ஒடிச்சான்னு உம் மவனக் கட்டி வச்சாருல்ல? மறக்காம அவருக்கே போட்டுடு."

எந்த வாசலில் எதைச் சொல்ல வேண்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை. பதினைந்து வருஷமாக மீன் ஆய்ந்து கொடுத்த வாசல்கள்.

பக்கத்து வீட்டு ராசாத்தி பயந்தாள். "யக்கா, நெசமாவே அவருக்குப் போட்டுடப் போறாளுவ."

"போடட்டும். நெனச்சிக்கிட்டே போடட்டும்."

வாத்தியார் முதல் நாள், "மூளை கலங்கிடுச்சு" என்றார். மறுநாள், "ஓட்டப் பிரிக்க நடராசனே நிறுத்தியிருக்காரு." மூன்றாம் நாள், "வெலைக்கு வாங்கியாச்சு" என்று முடித்தார். நடராசனுக்கே அது புதுச்செய்தி. ஆனால் வாத்தியார் சொன்னால் தப்பாது. தன் ஆட்கள் யாரோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, சந்தோஷத்தில் ஒரு சேலை கொடுத்தனுப்பினார். தாலியறுத்தவள் என்பதால் வெள்ளைச் சேலை. குஞ்சம்மாள் அதை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டாள்.

எண்ணியபோது நடராசனின் சொந்தத் தெருவே அவருக்கு முழுதாக விழவில்லை. குஞ்சம்மாள் ஜெயித்தாள். வாத்தியார் டீயை ஆறவிட்டு, "எப்படிய்யா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் நடராசன் வீட்டுக்குப் போனாள். அவர் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். வெள்ளைச் சேலையை உதறி, நெஞ்சிலிருந்து கால்வரை போர்த்தினாள்.

அவர் திடுக்கிட்டு விழித்தார். "என்னடி இது?"

"கோடிங்க. எம் புருசனுக்குப் போட்டது சேத்துல போயிடுச்சு. உங்களுக்காவது ஒழுங்கா இருக்கட்டும்." சேலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "காலையில முள்ள எடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்களும் அந்த வழியாத்தான் போவணும்."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி வாயில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

குஞ்சம்மாள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் படியிறங்கினாள். சாவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை.