ஆஃப் செய்தால் ஓடிய வண்டி

என் மனைவியின் தம்பிக்குக் கை சும்மா இராது. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறார். பாவு என்கிற நீளவாட்டு இழைகளைப் பிணைப்பதில் அந்தத் தெருவிலேயே தனக்கு நிகரில்லை என்று அவரே சொல்லுவார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் என் மனைவி வழியாகத்தான் நடக்கும். அதுவே நல்ல ஏற்பாடு.

என் மோட்டார் சைக்கிளுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. மறுபதிவுக்காக மறுநாள் காலை வாகன ஆய்வாளரிடம் காட்டவேண்டும். அவர் தள்ளிவிட்டால் வண்டி காயலான் கடைக்கு என்று வீட்டில் முடிவாகியிருந்தது. என்னைத் தவிர எல்லாரும் கலந்துகொண்டு எடுத்த முடிவு அது.

சாவித் துவாரம் தேய்ந்து, எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்பும் நிலை. புது இக்னிஷன் சுவிட்ச் வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்ட ஒரு முறை உண்டு. முதலில் பேட்டரியைக் கழற்றவேண்டும். பழைய இணைப்பைப் படம் வரையவேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் அடையாளம் கட்டவேண்டும். நான் வங்கிக்குப் போய்த் திரும்பும்வரை வண்டி பொறுத்திருந்தது, மனைவி பொறுக்கவில்லை; தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள்.

வாசலில் மைத்துனர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“முடிஞ்சிப்போச்சு மாமா. நீங்க படம் வரையறதுக்குள்ள நான் மாட்டிட்டேன்.”

சாவியை ஆன் பக்கம் திருப்பி உதைத்தேன். சத்தமில்லை. ஹாரனும் ஊமை. ஆஃப் பக்கம் திருப்பினேன். நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. சாவியை உருவினேன். அப்போதும் எரிந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உதைத்தேன். ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது.

“ஓடுதில்ல?” என்றார்.

“சாவி இல்லாம ஓடுதுபா.”

“அப்ப சாவி தொலையற கவலையே இல்ல.”

மனைவி சிரித்தாள். எஞ்சினை நிறுத்தச் சாவியைப் போட்டு ஆன் செய்யவேண்டியிருந்தது.

“ஆஃப்ப ஆன்னு நெனச்சிக்கினு ஓட்டுங்களேன் மாமா. எல்லாம் பழக்கந்தான்.”

“நாளைக்குப் பாக்கப்போற ஆய்வாளரையும் அப்படியே நெனச்சிக்கச் சொல்றியா?”

ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஓரத்திலிருந்து வரிசையாகச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்குவார்கள். நிறம் எதுவானாலும் சரி, வரிசை மாறக்கூடாது. மைத்துனர் அதையேதான் செய்திருந்தார். புது சுவிட்சின் சொருகி வண்டியின் சொருகியில் பொருந்தவில்லை என்று இரண்டையும் நறுக்கி எறிந்துவிட்டு, நான்கு ஒயர்களையும் இருந்த வரிசைப்படி பிணைத்திருந்தார். புது சுவிட்சில் வரிசை அப்படியே தலைகீழ் என்பது அவர் கவனத்துக்கு வரவில்லை. விரல் பழக்கத்தில் சாம்பல்கூடத் தொட்டிருந்தார். இன்சுலேஷன் டேப் மட்டும் ஒட்டவில்லை.

“நெறத்தப் பாக்கவே இல்லியா?”

“நெறம் பாத்தா பாவு பிணைப்பாங்க?”

பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கட்டிங் பிளையரை எடுத்தேன்.

“வெட்டாதீங்க மாமா. என் பிணைப்பு ஒண்ணு அவுந்ததா யாராவது சொல்லட்டும் பாக்கலாம்.”

“அவுறலபா. அதான் வெட்டறேன்.”

“ஏங்க, அவன் ஆசையா செஞ்சது” என்றாள் மனைவி.

“ஆசையா செஞ்சா ஆர்சி புதுப்பிச்சிக் குடுப்பாங்களா?”

நான்கையும் அவர் கண்ணெதிரே வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் கோணியது. அதை நான் ரசித்தேன். புது ஒயர்களின் நிறங்களும் பழையவற்றோடு ஒத்துப்போகாததால் மீட்டரை வைத்துச் சோதித்தேன். ஆஃப் நிலையில் ஒரு ஜோடி ஒயரில் மீட்டர் ஒலித்தது. அது எஞ்சினை நிறுத்தும் ஒயருக்கும் எர்த்துக்கும். ஆன் நிலையில் ஒலித்த மற்ற ஜோடி, பேட்டரிக்கும் விளக்கு, ஹாரனுக்கும். இந்த இரண்டு ஜோடியையும்தான் அவர் இடம் மாற்றியிருந்தார். சேர்த்து, டேப் சுற்றி, சாவியைத் திருப்பினேன். ஆன் என்றால் ஆன். ஆஃப் என்றால் ஆஃப்.

யாரும் பாராட்டவில்லை. “நாளைக்கு அவனையும் கூட்டிக்கினு போங்க. வழியில நின்னா தள்ள ஆள் வேணுமில்ல” என்றாள் மனைவி. என் வேலைமீது அவளுக்கிருந்த நம்பிக்கை அவ்வளவு.

காலையில் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆய்வாளர் ஹாரன், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் சாவியை ஆஃப் செய்தார். நின்றது.

“சுவிட்ச் புதுசா இருக்கே. யார் மாட்டினது?”

“நான்தான் சார்” என்றார் மைத்துனர், எனக்கு முன்னால் வந்து. “நம்ம கை பட்டா அவுறாது.”

“சுத்தமா இருக்குது.”

என்னிடம் பதில் இருந்தது, ஆதாரங்களோடு. ஆனால் சொன்னால் ஹெட்லைட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுவார். கழற்றினால் ஒயர் ஒட்டுப்போட்டது தெரியும். தெரிந்தால் முறையாகச் சரிசெய்துகொண்டு இன்னொரு நாள் வரச் சொல்லுவார். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டேன். வண்டி தேறியது.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். “சொன்னேனில்ல மாமா, அந்தாளே சொல்லிட்டாரு” என்றபடி, பின்னால் ஏற மைத்துனர் காலைத் தூக்கினார். கிளட்சை விட்டேன்.

“மாமா! மாமோவ்!”

அங்கிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு நேர் பஸ் கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.