தாலி கட்டும் நேரத்தில் இரண்டு காமிரா

காலை எட்டே காலுக்குத்தான் எல்லாம் தடம் புரண்டது. முகூர்த்தம் ஒன்பது மணி வரை. மணப்பெண் என் மகள் ராஜம். பந்தல் இராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் போட்டது. படம் எடுக்க வந்தவர்களும் என் சொந்த ஸ்டூடியோ ஆட்களே. பெண்ணைப் பெற்றவன் அன்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பதால், ஸ்டாண்டு காமிராவை ஆபரேட்டர் தேவராஜிடம் ஒப்படைத்திருந்தேன். பௌடர் தட்டு உதவியாள் கன்னியப்பன் கையில் இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீற்றுப் பந்தலுக்குள் பட்டப்பகலிலும் வெளிச்சம் போதாது. மக்னீசியம் பௌடரைத் தட்டில் கொட்டிக் கொளுத்தினால்தான் காமிராவுக்குள் இருக்கும் கண்ணாடி பிளேட்டில் முகம் விழும். ஆனால் அந்தச் சுவாலை சட்டென்று மேலே எழும்பும். ஆகவே ஓரிடத்தில் கீற்றைப் பிரித்து வானம் தெரியும்படி விட்டு, அதற்கு நேர் கீழேதான் தட்டைப் பிடிப்போம். கூட்டத்துக்கு நடுவே தட்டுக்காரன் கண்ணுக்கு ஆபரேட்டர் தெரிய மாட்டார். குரல்தான் அடையாளம். "ரெடி" என்று காதில் விழுந்தால் லென்ஸ் மூடியைக் கழற்றியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணமே தட்டின் விசையை இழுத்துப் பௌடரைக் கொளுத்த வேண்டும். கன்னியப்பனுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கைப்பழக்கம்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் முனுசாமி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். புதிதாக வாங்கிய பாக்ஸ் காமிரா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு விடிந்ததிலிருந்து குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார். தேவராஜ் காமிராவைத் திருப்பிய பக்கமெல்லாம் அவர் முதுகு.

"இன்னா நைனா, உன் பொட்டிக்கு மூணு காலு கீது. என்னுதுக்கு ஒரு காலும் இல்ல. ஆனா எது சுத்தி வருது பாத்தியா?"

"சுத்துனா படம் வராதுங்க. கொஞ்சம் ஒரு எடத்துல நில்லுங்க."

"கோச்சிக்காத. நீ பளிச்சுனு கொளுத்தச் சொல்ல நானும் ஒண்ணு புடிச்சிக்கினு போயிடறேன்."

தேவராஜ் என்னைப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் என்பதால் விட்டுவிடும்படி கண்ணைக் காட்டினேன்.

மணமக்கள் மணையில் உட்கார்ந்தார்கள். தேவராஜ் பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் பௌடர் தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். முனுசாமி மணைக்கு எதிரே குனிந்து நின்று, மாப்பிள்ளையைப் பார்த்து, "டேய், இங்க பாருடா! ரெடி!" என்று உரக்கச் சொன்னார். கன்னியப்பன் நின்ற இடத்திலேயே விசையை இழுத்துவிட்டான். அவன் தலைக்கு மேலே வானம் இல்லை, காய்ந்த கீற்று.

பற்றிக்கொண்டது. அந்தச் சடசடப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ராஜத்திடம் ஓடினேன். மணை காலியாக இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார். தாலிக்கு முன்னால் கையைப் பிடித்ததை ஒருவரும் குறை சொல்லவில்லை. முனுசாமியோடு வந்திருந்த துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேர் எரிகிற கீற்றை மூங்கிலோடு பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தார்கள். சமையற்கட்டுத் தண்ணீர் அத்தனையும் பந்தலுக்கு வந்தது. கன்னியப்பனின் புருவம் பொசுங்கியது தவிர யாருக்கும் காயம் இல்லை.

நெருப்பு அணைந்த பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நெருப்பு புடிச்ச பந்தல்ல தாலியா? வேற நாள் பாத்துக்கலாம்யா" என்றார். வேறு நாள் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மணையில் உட்கார்ந்து எழுந்து போன பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? மாப்பிள்ளை மட்டும், "அம்மா இன்னா சொல்லுதோ அதான்" என்றார். அவர் தாயார் கணவனை இழந்தவர். சுப காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அடுத்த தெருவில், அவர்கள் இறங்கியிருந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டுவர ஆள் ஓடியது.

தேவராஜால் பொறுக்க முடியவில்லை. "யாரக் கேட்டுங்க ரெடி சொன்னீங்க?" என்று முனுசாமியின் மேல் பாய்ந்தார். முனுசாமி கவிழ்த்த அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில்.

"அக்காவுக்குதான்யா வாங்கினேன். பெத்த புள்ள தாலி கட்றத அது பாக்கக்கூடாதாம். படத்துலயாவது காட்லாம்னு… இப்பிடி ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

தேவராஜ் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முனுசாமியைக் குற்றம் சொல்ல என்னாலும் முடியவில்லை. எங்கள் குரலைக் கேட்டு நெருப்பு எழும்பும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது எங்கள் ஸ்டூடியோவில் குரலை நம்புவதில்லை. ஆபரேட்டர் கை காட்டியதும் தட்டுக்காரன் தோளைத் தொட ஒருவன் நிற்கிறான். சொந்தக் காமிராவோடு வருகிற விருந்தாளிகளிடம் முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடுகிறோம்: எங்கள் பிளேட் முடிந்ததும் நீங்கள் எடுங்கள், அதுவரை ஸ்டாண்டுக்குப் பின்னால் நில்லுங்கள், சத்தம் கொடுக்காதீர்கள், தட்டின் பக்கம் வராதீர்கள். இன்னொன்றும் கேட்கிறோம்: யாருக்காக எடுக்கிறீர்கள்? அந்தப் பதில் தெரிந்தால் அந்தப் படத்தை நாங்களே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனாலும் எந்தக் கல்யாணத்திலாவது யாராவது "ரெடி" என்றால் நான் மணமக்களைப் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்க்கிறேன்.

அன்று ஒன்பதடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. போன ஆள் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் தாயாரே வந்தார். வெள்ளைப் புடவை, நெற்றியில் ஒன்றுமில்லை, வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கூட்டம் தானாக வழி விட்டது. கருகிய மூங்கிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக என் மகளிடம் போனார். அவள் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கியாவது சுட்டுச்சாம்மா?"

"இல்லீங்க அத்தை."

"அப்புறம் இன்னா? போய் உக்காரு."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மணைக்கு எதிரே, ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்தார்.

"டேய் முனுசாமி, அந்தப் பொட்டியக் கீழ வையி. நா நேர்லயே பாத்துக்கறேன்."