தவிடு ஏற்றிய ரெக்கவரி வண்டி

ரெக்கவரி வண்டியின் முதுகில் ஆறு தவிட்டு மூட்டைகளை அடுக்கிவிட்டு, பார்ப்பதற்கு இயல்பாக இருக்கிறதா என்று நாலு அடி தள்ளி நின்று சரிபார்த்த காலை ஒன்று என் வாழ்க்கையில் உண்டு. இயல்பாக இல்லை. ரோட்டில் நின்றுபோன கார்களை ஏற்றிவருவதற்கென்றே செய்த வண்டி அது. முன்னால் காரை மேலே இழுக்கும் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச், பின்னால் சறுக்குமரம் மாதிரி தரைக்கு இறங்கும் பலகை, தலையில் சுழலும் மஞ்சள் விளக்கு. அதன் மேல் தவிட்டு மூட்டை, மாப்பிள்ளைக் காரில் மாட்டுத் தீவனம் ஏற்றிய மாதிரி இருந்தது. போதாததற்கு, எங்கிருந்தோ வந்த இரண்டு பசுமாடுகள் பலகை வழியாக மேலே ஏறத் தொடங்கின. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்த வயதில் ஒரு மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்பதை அந்த அரை மணி நேரத்தில் நான் முழுமையாகக் கண்டறிந்தேன்.

மூட்டைகள் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் நண்பனிடம் இரவல் வாங்கியவை. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நான் செய்யும் எதற்கும் காரணம் கேட்பதில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கோயில் வரிசையில் எங்கே நின்றாலும் நாலு பேரைச் சிரிக்கவைப்பவன் என்ற பெயர் எனக்கு உண்டு. பயம் வந்தால் என் வாய் இன்னும் வேகமாக ஓடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கதையில் நினைவில் வைக்கத் தகுந்த மனிதர் நான் இல்லை. எங்கள் ஆபரேட்டர். வண்டியை ஓட்டுவது, கொக்கி மாட்டுவது, வின்ச் இயக்குவது எல்லாம் அவர்தான். என் வயதுக்காரர். ஓரிக்கைப் பக்கம் வீடு. நெடுஞ்சாலையில் ஒரு கார் நின்றுவிட்டதென்று போன் வந்தால், சட்டையை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவார். “ரோட்ல நின்னுக்கினு இருக்கறவங்க நம்மள பாத்ததும் நிம்மதியாவணும் மொதலாளி, பயப்படக் கூடாது” என்பார். பட்டுப்புடவை எடுக்க எங்கள் ஊருக்கு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களில் யாருடைய காராவது ஒன்று தினமும் வழியில் மூச்சை விட்டுவிடும். அந்தக் கார்கள்தான் எங்களுக்குச் சோறு.

வண்டி நான் பழையதாக வாங்கிய சரக்கு லாரி. மேலே இருந்த பெட்டியை எடுத்துவிட்டு, பட்டறையில் பலகையும் வின்ச்சும் பொருத்தினோம். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் அது இன்னும் சரக்கு வண்டி. மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்பதில் நான் மிகவும் சுறுசுறுப்பானவன்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு பெண் ஏஜென்ட் வந்தார். தறி நெய்யும் குடும்பம். ஸ்கூட்டி, தோளில் ஒரு ரெக்சின் பை. மற்ற ஏஜென்டுகள் வண்டி நம்பரைக் கேட்பார்கள். இவர் பழைய டயர் ஒன்றின் மேல் குடையோடு உட்கார்ந்து, ஒரு காரை நாங்கள் ஏற்றி இறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

“அண்ணா, வண்டி ஓடும்போது நீங்க எங்க இருப்பீங்க?”

“சீட்ல.”

“நிக்கும்போது?”

“அடியில.”

அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். என்னிடம் திரும்பி, “அண்ணா, மொதல்ல ஆர்.சி.ய மாத்துங்க. ரெக்கவரி வண்டிக்குன்னு தனி பாலிசி இருக்குது. உங்க வண்டிக்கு மட்டும் போட்டா பத்தாது. முதுகுல ஏத்துறீங்களே, அந்தக் கார் உங்களுது இல்ல, அதுக்கும் போடணும். வின்ச் இழுக்கும்போது வண்டி சாஞ்சா அதுக்கும் போடணும். அடியில வேல செய்யறவருக்கும் போடணும்” என்றார்.

“ஏம்மா, வண்டிக்கு பாலிசி, வண்டி மேல இருக்கற வண்டிக்கு பாலிசி, அடியில இருக்கறவனுக்கு பாலிசி. நடுவுல மாட்டிக்கினு இருக்கற எனக்கு ஒண்ணும் இல்லியா?” என்றேன். ஆபரேட்டர் சிரித்தார். ஏஜென்ட் சிரிக்கவில்லை. “யோசிச்சு சொல்லுங்கண்ணா” என்று போய்விட்டார்.

யோசித்தேன். அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவன் இரண்டே கேள்வி கேட்டான்: வண்டி நம்பர், போன் நம்பர். சரக்கு வண்டி என்றே போட்டுக் கொடுத்தான். வாங்கிய டீ ஆறுவதற்குள் பாலிசி கைக்கு வந்துவிட்டது. கொஞ்சம் காசு மிச்சம். அதைவிட, யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை என்பதில் பெரிய சந்தோஷம். வெற்றிவீரன் மாதிரி ஷெட்டுக்குத் திரும்பி அந்தக் காகிதத்தை ஆபரேட்டரிடம் ஆட்டிக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இதுல நான் எங்க இருக்கேன் மொதலாளி?”

“நீ என் மனசுல இருக்கிறப்பா” என்றேன்.

நல்ல ஜோக். அங்கே இருந்த மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். ஆபரேட்டரும் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்து, வண்டியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், அதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

விபத்து நடந்தபோது நான் சலூனில் இருந்தேன். ஒரு கன்னம் மழித்தாயிற்று, இன்னொரு கன்னத்தில் நுரை. போன் வந்தது: பைபாஸ் பக்கம் ஒரு காரை மேலே இழுக்கும்போது கயிறு நழுவி, கார் பின்னால் உருண்டு, ஆபரேட்டரின் கால் மாட்டிக்கொண்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். துண்டோடு எழுந்து ஓடினேன். ஓடியது ஆஸ்பத்திரிக்கு என்று எழுதத்தான் கை வருகிறது. முதலில் ஷெட்டுக்கு ஓடினேன். வண்டியை மெக்கானிக் ஓட்டிக்கொண்டுவந்து விட்டிருந்தான். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாலிசியை எடுத்தேன். எடுத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் காவலாளி என் முகத்து நுரையைப் பார்த்துவிட்டு, “யாருப்பா பேஷன்ட்டு, நீயா?” என்று கேட்டார்.

ஆபரேட்டர் கட்டிலில் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை. அவருடைய மனைவி தலைமாட்டில் நின்றிருந்தார். நான் கிட்டே போய், குரலைத் தாழ்த்தி, முதல் கேள்வியைக் கேட்டேன்.

“யார்னா வந்து விசாரிச்சாங்களா? நீ இன்னா சொன்னே?”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தண்ணி வேணும்னு சொன்னேன்” என்றார்.

அதை நான் காதில் வாங்கவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது. சரக்கு வண்டி என்று பாலிசி எடுத்துவிட்டு காரை இழுத்தோம் என்று தெரிந்தால் கம்பெனி கைவிரித்துவிடும். அந்த ஒன்றுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய சிகிச்சையும், இனி அவர் நடப்பாரா, வேலை செய்வாரா என்பதும் அந்தக் காகிதத்தைத்தான் நம்பியிருந்தன. அதனால் அவருக்காகத்தான் பயப்படுகிறேன் என்று நானே நம்பினேன். “மூட்ட ஏத்தும்போது காலு வழுக்கிச்சுன்னு சொல்லிடு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்று மனப்பாடம் செய்வித்தேன். தலையாட்டினார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் தவிடு வந்தது. விசாரிக்க வந்தவர் மென்மையான மனிதர், கண்ணாடி போட்டவர். வண்டியைச் சுற்றி வந்தார். மாடுகளைத் தட்டிக்கொடுத்து ஓரமாக நகர்த்திவிட்டு, வின்ச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“தவிடு ஏத்தறதுக்கு இது எதுக்கு சார்?”

“கொஞ்சம் கனமான தவிடு சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று ஆபரேட்டரிடம் பொறுமையாகக் கேட்டார். நான் விசாரிக்க வந்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, தோளில் மூட்டை தூக்குவது மாதிரி சைகை காட்டினேன். பக்கத்துக் கட்டில் நோயாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கார் இழுத்துக்கினு இருந்தேன் சார்” என்றார் ஆபரேட்டர். “கல்யாணப் பொடவ எடுத்துக்கினு போற குடும்பம். பொண்ணோட அம்மா டிக்கியிலேர்ந்து பொடவப் பையை எடுக்கறேன்னு காருக்குப் பின்னாடி வந்துட்டாங்க. அப்ப பாத்து கயிறு நழுவிச்சு. நான் அந்தம்மாவப் புடிச்சித் தள்ளிவுட்டேன். என் காலு மாட்டிக்கிச்சு. மூட்ட எதுவும் இல்ல சார்.”

விசாரிக்க வந்தவர் போனதும் நான் கட்டிலருகே வந்து கத்தினேன். இவ்வளவு சொல்லிக்கொடுத்தேனே, உனக்காகத்தானே இவ்வளவும் என்று. ஆபரேட்டர் அமைதியாகச் சொன்னார்:

“மூட்டன்னு சொல்லிட்டா அந்தம்மா அங்க இல்லன்னு ஆயிடும் மொதலாளி. அப்புறம் நான் யாரத் தள்ளிவுட்டேன்?”

கம்பெனி கைவிரித்தது. சொன்ன வேலை ஒன்று, செய்த வேலை ஒன்று. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சிகிச்சைச் செலவை நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்தனுப்பினேன். கோபம் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கத்துக்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக வரும். அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒருநாள் அவருடைய மனைவி ஷெட்டுக்கு வந்து, வண்டியின் இன்னொரு சாவியைக் கொடுத்தார். “இனிமே அவரு வரமாட்டாருண்ணா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன்.

அந்த ஏஜென்ட் பெண்ணை நானே தேடிப் போனேன். ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் சொல்லவில்லை. ஆர்.சி.யை மாற்றும் வேலையை முடித்துக்கொண்டு வரச் சொன்னார். முடித்துக்கொண்டு போனதும், பையிலிருந்து படிவத்தை எடுத்து முதலிலிருந்து கேட்டார். வண்டி நிற்கும்போது ஆள் எங்கே என்ற கேள்வி வந்தது. “அடியில” என்றேன். இப்போது வேலை செய்யும் ஆபரேட்டருக்கு, பாலிசியில் அவருக்காகப் போட்டிருக்கும் வரியை விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். ரெக்கவரி வண்டி வாங்குகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், வண்டிக்கு அடியில் வேலை செய்யப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். அவர்கள் ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

பழைய ஆபரேட்டரைப் போன மாதம் பார்த்தேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. கோயில் பக்கத்தில் கார் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார் என்று தெரியும். அந்த வழியைத் தவிர்த்துவிட்டு ஊரையே சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன், அன்றைக்கு என்ன தோன்றியதோ உள்ளே போய்விட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “இன்னா மொதலாளி, வெளுத்துட்ட?” என்றார். தலையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நான் வெயில், கூட்டம், புடவை விலை என்று எதையெதையோ பேசினேன். பேசிப் பேசி வாய் காய்ந்தபிறகுதான் அது வெளியே வந்தது.

“காலு எப்டி இருக்குது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை.

“எதுக்குக் கேக்கற? எதுனா ஃபாரம் ரொப்பணுமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை. “இல்லப்பா. சும்மாதான் கேட்டேன்” என்றேன்.

அதற்குள் பெங்களூர் வண்டி ஒன்று வந்தது. ஆபரேட்டர் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து நடந்துபோய், “வா வா வா, போதும்” என்று அதைச் சுவரோரம் நிறுத்தவைத்தார். டோக்கனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு குனிந்து, பேண்டை முழங்கால் வரைக்கும் நிதானமாகச் சுருட்டினார்.

“பாரு” என்றார்.

கெண்டைக்கால் சதை ஒரு பக்கம் இல்லை. கணுக்காலிலிருந்து முட்டிவரை தையல் போட்ட வரி, தோல் அங்கே பளபளவென்று வேறு நிறத்தில் இருந்தது. பாதம் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. நாலு வருஷத்தில் நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடுத்த கார் வரும்வரை அவர் பேண்டை இறக்கவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை.