அதுக்கு முந்தி என்ன லோடு?

முத்துப்பேச்சியின் விளக்குமாறு பின்கதவில் செருகியிருக்கும் வரை அந்த லாரியில் யாரும் மூட்டை ஏற்றக் கூடாது. அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில் இருந்த பொன்னுச்சாமியின் லாரி செட்டில் இதுதான் வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருமுறை அவள் உள்ளே குனிந்து கூட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் கீழிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்து, வளைந்தபடியே ஒட்டிக்கொண்டது. மறுநாள் அவள் இரண்டு விளக்குமாற்றோடு வந்தாள். ஒன்று கூட்டுவதற்கு, இன்னொன்று பின்கதவில் செருகுவதற்கு.

லாரி என்றால் ஏற்றுவதும் இறக்குவதும் ஓட்டுவதும்தான் நமக்குத் தெரியும். நடுவில் கூட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் நஷ்டம் என்பதால், எந்த ஊரில் எந்த லோடு கிடைத்தாலும் டிரைவர்கள் ஏற்றிக்கொள்வார்கள். இன்றைக்குச் சிமெண்ட், நாளைக்குக் கொத்தமல்லி, அடுத்த நாள் உரம். ஒன்றின் மிச்சம் இன்னொன்றில் ஒட்டும். மிளகாய் வத்தல் ஏற்றிய லாரியைக் கூட்டாமல் நூல் ஏற்றினால், எங்கோ தறிப் பட்டறையில் தார்க் குச்சியில் நூல் சுற்றுகிற பெண்கள் நாள் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள்.

அவளுக்குச் சம்பளம் கிடையாது. கூட்டியது அவளுக்கு. உடைந்த சோளம், பருத்திக்கொட்டை, தூசும் மல்லியுமாக ஒரு படி, சில நாள் வத்தல் காம்பு மட்டும். புடைத்து, சலித்து, வீட்டுக்கு ஆனதை வைத்துக்கொண்டு மீதியை விற்பாள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் செட்டு முழுக்கத் தெரியும். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. லோடுமேன்கள் எட்டுப் பேர். பங்குனியில் மிளகாய் சீசன் வந்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லாரி. கூட்டுகிறவள் ஒருத்தி. எட்டுப் பேரும் எவ்வளவு வேகமாகத் தூக்கினாலும், அவள் விளக்குமாற்றை உருவினால்தான் அடுத்த மூட்டை ஏறும். செட்டு எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பது அவள் கையில்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். டீ குடிக்கும்போதுகூட நின்றுகொண்டு, ரோட்டில் எந்த லாரி திரும்புகிறது என்று பார்த்தபடியே குடிப்பாள்.

1986-இல் அவள் ஏழு கோழி வளர்த்தாள். ஒரு லாரியில் கூட்டிய சோளக் குருணையை அவற்றுக்குப் போட்டாள். உச்சிப்பொழுதுக்குள் ஏழும் செத்துக் கிடந்தன. அந்தக் குருணையில் இரண்டு படியைக் கஞ்சிக்கென்று பானையில் வைத்திருந்தாள். அடுப்பில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். சோளத்துக்கு முன்னால் அந்த லாரியில் பருத்திக்குத் தூவுகிற மருந்துப் பொடி வந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். எதைக் கூட்டினாலும் ஒரு சிட்டிகையை டீக்கடைக்குப் பின்னால் போகிற எறும்பு வரிசையில் தூவுவாள். எறும்பு தூக்கினால்தான் வீட்டுக்கு.

நான் சொல்ல வந்தது 1991 பங்குனியில் ஒரு சனிக்கிழமை நடந்தது. அன்றைக்கு நூற்றுப்பத்து மூட்டை அரிசி ஏற்ற வேண்டியிருந்தது. திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சத்துணவு அரிசி. திங்கட்கிழமை அங்கே அடுப்பு எரிய வேண்டும் என்றால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய் இறங்க வேண்டும். செட்டில் வந்த வரிசைப்படிதான் லோடு கொடுப்பார்கள், அதற்குச் சீரியல் என்று பெயர். முதலில் இருளப்பசாமி ஓட்டிவந்த லாரி, ஆகவே அரிசி அவருக்கு. இரண்டாவது முஸாஃபர் பாயின் லாரி, அவருக்குச் செங்கல் சூளைக்குப் போகிற சீமைக்கருவேல விறகு. விறகு என்றால் டிரைவர்களுக்கு ஆகாது. முள் டயரில் ஏறும், பாடியைக் கீறும்.

முத்துப்பேச்சி இருளப்பசாமி லாரியில் ஏறியபோது மணி ஒன்பது. உள்ளே நல்ல கொத்தமல்லி வாசம். ஒரு படிக்கு மேல் தேறும். சீக்கிரம் கூட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பலகை இடுக்கில் ஈர்க்கை விட்டு நோண்டியபோது வெளுத்த பொடி வந்தது. மோந்து பார்த்தாள். மல்லி வாசத்துக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. இறங்கிப் போய் எறும்பு வரிசையில் தூவினாள். வரிசை உடைந்தது. நாலைந்து எறும்பு அங்கேயே சுருண்டது.

திரும்பி வந்தவள் விளக்குமாற்றை உருவவில்லை.

"என்ன மதினி, லாரிக்குள்ள வேர் விட்டுட்டியா? வெயில் ஏறுதுல்ல" என்றான் லோடுமேன் மேஸ்திரி சடையாண்டி. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு நிற்கிற நேரமெல்லாம் நஷ்டம்.

அவள் நேராக டிரைவரிடம் போனாள். "தம்பி, இதுல என்ன லோடு வந்துச்சு?"

"மூக்கு இல்லையா ஒனக்கு? மல்லி" என்றார் இருளப்பசாமி.

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி என்னவா இருந்தா ஒனக்கென்ன? சாதகம் பாக்கப் போறியா?"

லோடுமேன்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்டு ஆபீசுக்குள்ளிருந்து பொன்னுச்சாமி வந்தார். காலையிலிருந்து ஏழெட்டு போன் வந்திருந்தது. கோபப்படக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர் போல இருந்தார்.

"பேச்சி, வெளக்கமாத்த எடு."

"மொதலாளி, இதுல பருத்தி மருந்து வந்துருக்கு. இடுக்கு பூராம் கெடக்கு. எறும்பு சுருண்டு போச்சு, வந்து பாருங்க."

"எறும்பு எனக்கு ஆர்டர் குடுக்குதா? அரிசி சாக்குக்குள்ள இருக்கு. பலகையிலயா கொட்டப் போறோம்?"

"சாக்கு பிஞ்சா என்ன செய்வீக? சடையாண்டியக் கேளுங்க."

சடையாண்டி தலையைச் சொறிந்தான். மூட்டை பிரிந்தால் பலகையில் கொட்டிய அரிசியை வழித்து மறுபடி சாக்கில் போட்டு, ஊசியால் தைத்து அனுப்புவதுதான் வழக்கம். நூற்றுப்பத்து மூட்டையில் நாலைந்தாவது பிரியும். அவன் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு டிரைவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொன்னுச்சாமி இருளப்பசாமியிடம் கேட்டார். "மருந்து ஏத்துனியாய்யா?"

"போன வாரம் ஒரு டிரிப்பு. அப்புறம்தான் மல்லி ஏத்திட்டேன்ல."

"அப்பக் கழுவிருவோம்" என்றார் பொன்னுச்சாமி. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். டவுனில் தண்ணீர் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. செட்டில் இருந்தது ஒரே ஒரு டிரம், எட்டுப் பேர் குடிப்பதற்கு. கழுவினாலும் பலகை காய மத்தியானம் ஆகும். மணி பத்தாகப் போகிறது. ஆபீசுக்குள் மறுபடி போன் அடித்தது. அவர் போகவில்லை.

முத்துப்பேச்சி நின்ற இடத்தில் நிற்காமல் இரண்டு லாரிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"மொதலாளி, சூளையில எரியப் போற வெறகுக்கு எந்த லாரியா இருந்தா என்ன? வெறக இதுல ஏத்துங்க. அரிசிய பாய் வண்டியில ஏத்துங்க. அவுக நேத்து எறக்குனது சிமெண்ட் ஓடு. அதுக்கு முந்தி சோளம். நான்தான கூட்டுனேன்."

எனக்கு இப்போதும் இதுதான் ஆச்சரியம். புத்தகம் நிறைய லோடு எழுதி வைத்திருந்த ஆபீசில் யாருக்கும் அது தோன்றவில்லை. எந்த லாரி முதலில் வந்தது என்று எழுதினார்களே தவிர, எந்த லாரி எதற்கு ஏற்றது என்று யாரும் பார்க்கவில்லை.

"சீரியல மாத்துனா நாளைக்கு எவனும் ஒங்க செட்டுக்கு வரமாட்டான்" என்றார் இருளப்பசாமி.

முஸாஃபர் பாய்க்கு நல்ல லோடு கிடைக்கிற சந்தோஷத்தைவிடச் சங்கடம்தான் அதிகம். "நான் கேக்கலப்பா. பெறகு பாய் லோட அடிச்சிட்டுப் போயிட்டான்னு பேசாதீக" என்றார்.

பொன்னுச்சாமி விளக்குமாற்றைப் பார்த்தார். அது பின்கதவில் அப்படியே இருந்தது. அவரே உருவியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். உருவவில்லை. "மாத்தி ஏத்துங்கலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அரிசி பதினொன்றரைக்குக் கிளம்பியது.

சாயங்காலம் அவர் அவளைக் கூப்பிட்டார். இருளப்பசாமியின் முதலாளிக்கு ஏழு லாரி. சீசனில் லாரி கிடைப்பதே பாடு. அவள் இருந்தால் அந்த ஏழும் இந்தச் செட்டுக்கு வராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நாளையிலருந்து வராத, பேச்சி."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்புன்னு சொன்னேனா? வராதன்னேன்."

அவள் இரண்டு விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் செட்டுக்கு எதிரே, ரோட்டின் மறுபக்கம் வந்து நின்றாள். அதற்கு அடுத்த நாளும் நின்றாள். பருத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. காலையிலிருந்து வருகிற லாரியை எண்ணியபடி அங்கேயும் இங்கேயும் நடப்பாள். வீட்டில் சலிப்பதற்கு ஒன்றும் இல்லை. எந்த லாரி எதை இறக்கியது என்று தூரத்திலிருந்து அவளால் சொல்ல முடிந்தது, ஆனால் இடுக்கை நோண்ட முடியவில்லை.

கிளீனர்களே கூட்டினார்கள். பின்கதவில் விளக்குமாறு இல்லாததால் எப்போது ஏற்ற ஆரம்பிப்பது என்று லோடுமேன்களுக்குக் குழப்பம். "கூட்டியாச்சா, கூட்டலையா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு கிளீனரின் தோளில் மூட்டை விழப் பார்த்தது. சடையாண்டி வேண்டுமென்றே ரோட்டைப் பார்த்து, "மதினி இருந்தா ஒரு குச்சிய சொருகி வச்சிருக்கும்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சத்துணவு அரிசி வந்தது. லாரி தயாராக நின்றது. பொன்னுச்சாமி பின்பக்கமாக ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகை இடுக்கைச் சாவியால் நோண்டினார். விரலில் எடுத்து மோந்தார். ஒன்றும் புரியவில்லை. அந்தப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"இது என்னன்னு பாரு."

அவள் காகிதத்தை வாங்கவில்லை. "அதுக்கு முந்தி என்ன லோடுன்னு கேட்டீகளா?"

"இல்ல."

"கேளுங்க. அதுக்கும் முந்தி என்னன்னும் கேளுங்க. கேட்டு நோட்டுல எழுதுங்க. எனக்கு எழுதத் தெரியாது. நான் ஒருத்தி தலையில எத்தன லாரிய வச்சுக்கிட்டு அலையிறது? எழுதுறதுன்னா வாரேன்."

அவர் காகிதத்தை மடித்தபடி நின்றார். "அந்த ஏழு லாரி வராது" என்றார்.

"லோடு இருக்கிற எடத்துக்கு லாரி வரும், மொதலாளி. எத்தன நாளைக்கு வெறும் வண்டியா ஓட்டுவாக?"

அவர் திரும்பி நடந்தார். பாதி ரோட்டில் நின்று, "வெளக்கமாறு எங்க?" என்றார். அது அவள் இடுப்பில்தான் இருந்தது.

அன்றிலிருந்து செட்டு நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டார்கள். 'முந்தின லோடு' என்று ஒன்று, 'அதற்கு முந்தினது' என்று ஒன்று. டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் பொய்யும் சொல்லியிருப்பார்கள். அதனால் எறும்பு வரிசைக்குப் போகிற பழக்கத்தை அவள் விடவில்லை.

சித்திரை முடிவதற்குள் இருளப்பசாமியின் லாரி வந்து நின்றது. அவர் கேபினிலிருந்து இறங்கும்போதே, யாரும் கேட்காமல், வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"செங்கல். அதுக்கு முந்தி வெறகு."

முத்துப்பேச்சி ஒரு விளக்குமாற்றைப் பின்கதவில் செருகினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஏறினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதுக்கும் முந்தி?"